குளியலறையில் புளி

எங்கள் குளியலறைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டது என் முடிவு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வீடு. போர் தண்ணீர்தான் கதி. இதில் வெள்ளை டைல்ஸ் போட வேண்டுமென்றால் ஒருத்திக்கு எவ்வளவு அறிவு இருந்திருக்க வேண்டும்! "பழுப்பு போட்டுக்குங்க டீச்சர், கறை தெரியாது" என்று கொத்தனார் அன்றைக்கே தலையால் அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரு அறையாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் போர் தண்ணீர் குழாயில் வரும்போது யோக்கியமாகத்தான் இருக்கும். வாளியில் கால் மணி நேரம் நின்றால் மஞ்சளாகும். தரையில் காய்ந்தால் துரு நிறமாகும். போதாததற்கு உப்பு வேறு, குழாய் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் பொருக்கு கட்டிவிடும். மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் போர்தான். மூன்றே மாதத்தில் என் வெள்ளை டைல்ஸ் டீ கொட்டிய வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

அதனால் ஆசிட். சனிக்கிழமைதோறும் மூன்று சக்கர சைக்கிளில் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் ஒரே மூச்சில் கூவுவார். ஆசிட்டைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் அடைத்து வைத்திருப்பார். "டீச்சரம்மா, ரெண்டா வாங்கிக்கோ, பண்டிக வந்துகினே கீது" என்பார். தெருவில் ஆசிட் பாட்டில் இல்லாத வீடு கிடையாது. ஊற்ற வேண்டியது, குளியலறைக் கதவைச் சாத்த வேண்டியது, பத்து நிமிடம் கழித்து விளக்குமாற்றால் தேய்க்க வேண்டியது. நுரை பொங்கி வடிந்ததும் உள்ளேயிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது.

இதில் என் நாத்தனாருக்கும் பங்கு உண்டு. ராயபுரத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு வருஷம் தவறாமல் வருவாள். வந்ததும் வராததுமாகக் கால் கழுவப் போவாள். வெளியே வரும்போது வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள், முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள். அந்த முகத்துக்காகவே டிசம்பரில் நான் இரண்டு பாட்டில் வாங்குவேன்.

என் கணவர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பக்கம் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். பணி ஓய்வில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் நெஞ்சுக்குள் இருக்கும் கரிதான் கடைசிவரை கூட வருவது. மாடிப்படி ஏறினால் இளைக்கும். பனிக்காலத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார். எப்போதும் சட்டைப் பையில் பஃப் இருக்கும், மூச்சு அடைக்கும்போது வாயில் வைத்து இழுத்துக்கொள்வார். நெடி எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை ஊதுவத்தி, சென்ட் என்று எடுத்துக்கொண்டேன். ஆசிட்டை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவேயில்லை. கதவைத்தான் சாத்திவிடுகிறேனே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வாடை வரும். ஒருநாள் அழுகிய முட்டை, ஒருநாள் சமையல் காஸ், ஒருநாள் கண்ணைக் கரிக்கும் பெயர் தெரியாத ஏதோ. சுற்றிலும் ஆலைகள், எது என்று யாரும் அடித்துச் சொன்னதில்லை. வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல்களைச் சாத்து, ஃபேனை நிறுத்து, வாசற்கதவின் அடியில் ஈரத் துண்டைத் திணி, இன்னொரு ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு குந்து. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள்கூட, நான் கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் எழுந்து ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். ஆபத்து என்றால் அது வெளியிலிருந்துதான் வரும், வீடு பத்திரம். எங்கள் எல்லோருக்கும் உடம்பிலேயே ஊறிப்போன பாடம் அது.

அந்தச் சனிக்கிழமை நான் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு, அறிவியல். ஆமாம், அறிவியல்தான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். காலையில் குளியலறை மூலையில் பச்சையாகப் பாசி பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, பிளீச்சிங் பவுடரை இரண்டு கைப்பிடி தூவி ஊறவிட்டேன். பிறகு அரிசி களைந்தேன், உலை வைத்தேன், இருபது தாள் திருத்தினேன். வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை, கண் சொக்கியது. திடீரென்று நாத்தனார் முகம் ஞாபகம் வந்தது. எழுந்து போய் ஆசிட் பாட்டிலைத் திறந்து தரை முழுக்க ஊற்றினேன், வழக்கம்போல் கதவைச் சாத்தினேன், வந்து அடுத்த தாளை எடுத்தேன். காலையில் தூவிய பவுடர் என் நினைவில் இல்லவே இல்லை.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் மூக்கை உயர்த்தினார்.

"காஸ் உட்டுட்டான் மே! ஜன்னல சாத்து, சீக்கிரம்!"

நான் ஓடினேன். கூடத்து ஜன்னல் இரண்டு, படுக்கையறை ஒன்று, சமையலறை ஒன்று, எல்லாவற்றையும் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். சமையலறை டிரம்மில் துண்டை முக்கி வாசற்கதவின் அடியில் ஒரு சந்து விடாமல் திணித்தேன். அவருக்கு ஒரு ஈரத் துணி, எனக்கு ஒன்று. இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் முடித்திருப்பேன். அப்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, பத்து மணிக்குள் விற்றுவிட்டு வீடு திரும்புகிறவர்.

"டீச்சர், வாட வர்ற மாரி கீதே, உனக்கும் வருதா?"

"வருதுக்கா. பயங்கரமா வருது. சாத்திக்கோங்க."

அடுத்தடுத்து ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் தெருவில் கேட்டது. தெருவின் வாட்ஸப் குழுவில் வசைமழை ஆரம்பித்தது. யாரோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகார் எண்ணுக்குப் போன் போட்டாயிற்று என்று எழுதினார்கள். அதற்குள் இவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பஃப் இழுத்தார், கேட்கவில்லை. மறுபடி இழுத்தார். உதடு ஒரு மாதிரி நீலம் பூத்தது. வீட்டுக்குள்ளேயே இப்படியென்றால் வெளியே எவ்வளவு இருக்கும் என்று நினைத்து, கதவடியில் இருந்த துண்டை இன்னும் அழுத்தித் திணித்தேன். என்னை நானே மன்னிக்க முடியாத இடம் அதுதான். ஊற்றியதைக்கூட மன்னித்துவிடுவேன், களைப்பு. அந்தத் துண்டை அழுத்தியதை முடியவில்லை.

அவர் மூக்கில் இருந்த துணி காய்ந்துவிட்டது. நனைக்கப் பக்கத்தில் இருந்த குளியலறைக் கதவைத் திறந்தேன். கண்ணில் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்டது மாதிரி ஒரு அடி. மூலையில் பாசி இருந்த இடத்தில் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் என்ன வாயு வெளிவரும்? இரண்டு மதிப்பெண் கேள்வி. வருஷா வருஷம் நானே கேட்ட கேள்வி.

திணித்த துண்டைக் காலால் தள்ளிவிட்டு, அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. எங்களைப் பார்த்ததும் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"டீச்சர், இன்னா வெளிய வந்துகினு! உள்ள போங்க! காஸ் கீது!"

என் வீட்டில்தான் காஸ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சும் இல்லை. மெயின் ரோடு வரைக்கும் அவரைத் தாங்கலாக நடத்திப்போய் ஆட்டோ பிடித்தேன். மருத்துவமனையில் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நாலு நாள் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அந்த நாலு நாளும் நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஜெபம்கூட ஒழுங்காக வரவில்லை.

மூன்றாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, தெருவில் கையில் ஏதோ கருவியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். புகாரை விசாரிக்க வந்தவர்கள். காற்றில் ஒன்றும் இல்லை என்றது கருவி. பிறகு வீடு வீடாகக் கேட்டார்கள். எங்கள் வாசலிலும் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்.

"அன்னைக்கு வீட்ல ஆசிட், பிளீச்சிங் ஏதாவது யூஸ் பண்ணீங்களாம்மா?"

என் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். எனக்காக, என் கணவருக்காக, ஆலைக்காரனைத் திட்டித் தீர்த்து வந்தவர்கள். இருபத்தெட்டு வருஷமாக அவர்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் இருந்த கூல்டிரிங்ஸ் பாட்டிலை மட்டும் கணக்கெடுத்து எழுதிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பலன் கோடைக்காலத்தில் தெரிந்தது. நிஜமான வாடை இரண்டு நாள் விடாமல் வந்தது. மனு எழுதி எடுத்துக்கொண்டு பெண்கள் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் போனேன். "மொதல்ல உங்க பாத்ரூம்ல என்ன ஊத்துறீங்கன்னு பாருங்கம்மா" என்று சொல்லி, ஆளுக்கொரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பச்சை இலை படம் போட்டிருந்தது. உங்கள் குளியலறையை இயற்கைக்கு இணக்கமாக மாற்றுங்கள் என்று தலைப்பு. எதிர்வீட்டு அக்கா அதை நாலாக மடித்து மீன் கூடையில் போட்டுக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் தரையைப் பார்த்தேன்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஷவருக்குப் பதில் வாளியில் குளியுங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் ஷவர் இருக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே தரலாம். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்காதீர்கள் என்றது அடுத்த வரி. எங்கள் மெட்ரோ குழாயைத் திறந்துவிட்டால் பாதி நாள் காற்றுதான் வரும். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்ததை என்னால் கிழிக்க முடியவில்லை. கூடத்தில் அவர் மூச்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இரண்டையும் நிறுத்தினேன். பேச்சுக்கு மூன்று வார்த்தை, செய்வதற்கு முதுகு போய்விட்டது. துருக்கறைக்குப் புளி நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆசிட் பத்து நிமிடத்தில் செய்வதைப் புளி ஒரு மணி நேரத்தில், அதுவும் என் கையை வைத்துத்தான் செய்யும். பழம்புளியைக் கரைத்துத் தடவி, ஊறவிட்டு, தேங்காய் நாரால் மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும். உப்புப் பொருக்குக்கு எலுமிச்சைத் தோலும் சமையல் சோடாவும். இயற்கைக்கு நல்லது என்கிறார்கள், என் முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்து மூன்று மாதம் புளிக்கவிட்டால் தரை துடைக்கும் திரவம் கிடைக்கும் என்று யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். நான் அந்த இடத்தில் தாளிக்கப் போயிருந்தேன் போலிருக்கிறது. பத்தாம் நாள் பாட்டில் வெடித்து சமையலறைச் சுவரெல்லாம் எலுமிச்சைத் தோல். அவர் படுக்கையறையிலிருந்து, "இப்ப இன்னா மே உட்டான்?" என்று கேட்டார். இரண்டாவது பாட்டிலை ஒழுங்காகத் திறந்து மூடினேன்.

துணி அலசிய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்துக் கழிப்பறைக்கு ஊற்றினேன். ஷாம்புவுக்குப் பதில் சீயக்காய் வந்தது. பினாயில் போனது, வாசனை உருண்டை போனது. அவர் முதல் மாதம் முழுக்க முனகினார்.

"பாத்ரூம்ல பூந்தா ரசம் வாட அடிக்குது மே. குளிக்கறதா, சோறு போட்டு பெசஞ்சிக்கிறதா?"

"ரெண்டும் பண்ணுயா, யாரு வேணான்னா?"

குளியலறை ஜன்னலில் கையை வைத்தால் கரிப்பொடி ஒட்டும். எக்கிப் பார்த்தால் புகைபோக்கிகள் தெரியும். நான் உள்ளே மண்டியிட்டு ஒரு சொம்பு தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவை பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருக்கும். சில நாள் எனக்கு நாரைத் தூக்கி எறிந்துவிடலாம் போலிருக்கும். எறிந்தும் இருக்கிறேன். பிறகு நானேதான் எடுத்துக் கழுவி மாட்டினேன். டைல்ஸ் பழைய வெள்ளைக்குத் திரும்பவேயில்லை, மோர் நிறத்தில் நின்றுவிட்டது. அந்த டிசம்பரில் நாத்தனார் கால் கழுவிவிட்டு வந்து அதே முகத்தை வைத்துக்கொண்டாள். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் அவளுக்குச் சோறு போட்டேன்.

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். வாடை வந்தது. கண்ணைக் கரிக்கும் ரகம்.

அவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இது ஒரு சிக்கல். வாடை வெளியிலிருந்து வந்தால் சாத்த வேண்டும், உள்ளிருந்து வந்தால் திறக்க வேண்டும். தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணும் ஊத்தல" என்றேன்.

"மெய்யாலுமே?"

"ஊத்தறதுக்கு வூட்ல இன்னா கீது? போய்ப் பாரு. புளிதான் கீது."

"அப்ப சாத்து" என்றார். சாத்தினேன். துண்டை நனைத்துத் திணித்தேன். போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா.

"டீச்சர், உங்க வூட்ல எதுனா ஊத்துனியா?"

எனக்குச் சுரீரென்றது. "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மார்க்கெட்ல தெனம் பிளீச்சிங் பவுடரத்தான் தூவறான். மீன்காரி மூக்குக்கு அது தெரியாதா? நீ அவர இஸ்துகினு வெளிய வந்தப்பவே தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏன்க்கா சொல்லல? மனு குடுக்கப் போனப்பகூட..."

"சொல்லி இன்னா ஆவப்போவுது? நீயே செத்து சுண்ணாம்பா வந்து நின்ன. அத்த வுடு. இப்ப சொல்லு, ஊத்துனியா, இல்லியா?"

"இல்லக்கா. சத்தியமா எங்க வூட்ல இல்ல."

"அப்ப சரி. நானும் சாத்திக்கிறேன். நீ போன் போட்டு சொல்லு. நீ சொன்னா எடுபடும்."

புகார் எண்ணை நான் அதுவரை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. மற்றவர்கள் அழுத்துவார்கள், நான் ஒதுங்கிக்கொள்வேன். அன்று அழுத்தினேன். தெருப் பெயரைச் சொன்னேன், எப்போதிலிருந்து வாடை என்று சொன்னேன், வீட்டில் மூச்சுக் கோளாறு உள்ளவர் இருக்கிறார் என்றும் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்த அதே கேள்வியைக் கேட்டார். வீட்டில் கழுவுவதற்கு என்ன ரசாயனம் பயன்படுத்துகிறீர்கள் மேடம்?

"புளி" என்றேன். "எலுமிச்சைத் தோல், சமையல் சோடா. வந்து பாருங்க சார். பாத்ரூம் கதவு திறந்தே இருக்கும்."

அவர் பதிவு செய்துகொள்வதாகச் சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார். நான் அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதினேன்.

"இன்னா சொன்னான்?" என்றார் இவர், மூக்கில் ஈரத்துணியோடு.

"எழுதிக்கிறானாம்."

"புளின்னா எழுதுனான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது. பஃப்பை எடுத்துக் கொடுத்தேன். ஒரே இழுப்பில் அடங்கியது. யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி, சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை.